தானாகச் சரியானது

அப்பாவை எரிக்கக் கொண்டுபோவதற்குச் சற்று முன்னர், இறுதிச்சடங்கு மண்டபத்தின் பின்பக்கக் கார் தரிப்பிடத்தில் அங்கிள் என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் எங்களுக்கு உறவில்லை. அப்பாவும் அவரும் பன்னிரண்டு வருடங்கள் ஒரே தொழிற்சாலையில், ஒரே வரிசையில் நின்று வேலை செய்தவர்கள். தொழிற்சாலை மூடிய பிறகு அவர் பார்சல் வான் ஓட்டப் போனார். அம்மா அவரை அண்ணை என்பார். நான் அங்கிள் என்பேன்.

“பிள்ளை, நீ அந்த றேடியோக்காரரிட்டைத்தானே வேலை செய்யிறாய்?”

“ஓம் அங்கிள்.”

“அப்ப போய்க் கேள். கனடாவாம் கனடா. என்ரை கண்ணுக்கு முன்னாலை அந்த அம்புலன்ஸ் பெடியன் தோளிலை கிடந்த றேடியோவிலை திருப்பித் திருப்பிக் கத்தினவன். கரகரவெண்டு என்னவோ வருது, ஒரு சொல்லு விளங்கேல்லை. கடைசியிலை தன்ரை சொந்தப் போனை எடுத்து அடிச்சவன். உது ஆர் பிழை எண்டு கண்டுபிடி. விடாதை.”

“பாக்கிறன்” என்றேன்.

அவருடைய சேட்டில் இரண்டாவது பொத்தான் பூட்டப்படாமல் இருந்தது. அன்றைக்குச் செய்ய வேண்டியவை என்று ரெலிபோனில் பதினேழு வரிகள் எழுதி வைத்திருந்தேன்: ஐயர், பூ, வெற்றிலை, வயதானவர்களை ஏற்றும் பஸ், அம்மாவின் மாத்திரை. பதினெட்டாவதாக ‘றேடியோ’ என்று சேர்த்துவிட்டு உள்ளே போனேன்.

தீயணைப்பும் அம்புலன்ஸும் பேசிக்கொள்ளும் றேடியோ வலையமைப்பைப் பராமரிக்கும் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் நான் வேலை செய்கிறேன். கூரைகளில் ஏறுவேன், கேபிள்களைச் சோதிப்பேன், எஞ்சிய நேரம் திரையில் எச்சரிக்கைகளைப் பார்ப்பேன். அன்ரெனா நிற்கும் ஒவ்வொரு தளமும் தனக்கு ஏதாவது குறை வந்தால் ஒரு வரி அனுப்பும். குறை நீங்கினால் இன்னொரு வரி. யாரும் போய்ப் பார்க்க முன்னரே குறை நீங்கிவிட்டால், ‘தானாகச் சரியானது’ என்று எழுதி மூடிவிடுவோம். அது சோம்பல் இல்லை. ஒரு நாளைக்கு வரும் வரிகளின் அளவைப் பார்த்தால் வேறு வழி இல்லை.

நாங்கள் குடியிருக்கும் வெக்ஸ்போர்டில், எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதன் கூரையில் எங்கள் நிறுவனம் பராமரிக்கும் தளங்களில் ஒன்று. எங்கள் குசினி யன்னலைத் திறந்தால் அதன் அன்ரெனா தெரியும். கீழே, எங்கள் விருந்தினர் கார் தரிப்பிடம் அந்தக் கட்டடத்தின் சுவரோடு முட்டிக்கொண்டு முடிகிறது.

ஒன்றரை வருடத்துக்கு முன்னர் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. காலையில் பராமரிப்புக்கு ஒரு பெண் வருவார். பின்னேரம் அம்மா பேக்கரி வேலை முடிந்து வருவார், பிறகு நான். நடுவில் மத்தியானம்தான் வெறுமையாக இருந்தது. அப்பாவைக் கட்டிலில் இருந்து தூக்கிக் கதிரையில் இருத்த வேண்டும், சாப்பாடு கொடுக்க வேண்டும், கழிப்பறைக்குக் கொண்டுபோக வேண்டும். அம்மாவும் நானும் அதைப் பற்றி இரண்டு வாரம் கதைத்தோம். பிறகு ஒரு நாள் அங்கிள், “எனக்கு லஞ்ச் பிரேக்தானே. வானுக்குள்ளை தனிய இருந்து சாப்பிடுறதிலும் பாக்க இவனோடை இருந்து சாப்பிடுறன்” என்றார். அப்பா இடது கையால் அவரை அடிப்பதுபோல் ஓங்கினார். அது அப்பாவின் சம்மதம். அன்றிலிருந்து வேலை நாட்களில் ஒவ்வொரு மத்தியானமும் வெள்ளை வான் வந்தது.

அம்புலன்ஸ் வந்த அந்த நாளைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அங்கிள் வழக்கம்போல் பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு வானை நிறுத்தினார். ஒரு மணியளவில் அப்பாவுக்கு மூச்சு இழுத்தது. அவர் போகாமல் நின்றார். ஒன்று பத்துக்கு அவசர இலக்கத்தை அழைத்தார். ஒன்று பதினெட்டுக்கு இருவர் வந்தார்கள். எங்கள் கட்டடத்தில் இரண்டு லிப்றுகளில் பெரியது பழுது, சின்னதில் ஸ்ரெச்சர் நீட்டுவாக்கில் நுழையாது. ஏழாம் மாடியில் இருந்து படியால் இறக்குவதற்குத் தீயணைப்பு வீரர்கள் தேவைப்பட்டார்கள். ஒன்று இருபத்தொன்றுக்கு முதல் தடவை றேடியோவில் கேட்டார்கள். அழைப்பு நிலையத்தில் பாதி கேட்டது. ‘திரும்பச் சொல்லுங்கள்’ என்றார்கள். அந்தப் பதில் இவர்களுக்கு விளங்கவில்லை. ஒன்று முப்பதுக்கு ரெலிபோனில் பேசினார்கள். பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. அப்பா இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

ஒன்பது நிமிடம். அது ஏதாவது செய்திருக்குமா என்று டொக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஒன்பதாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். அந்த ஒன்பது நிமிடத்தைப் பற்றிய அறிக்கை ஏற்கெனவே திறக்கப்பட்டிருந்தது. முகவரியைப் பார்த்த மேலாளர், இதிலிருந்து என்னை விலக்கிவிடவா என்று மெதுவாகக் கேட்டார். வேண்டாம், அந்தத் தளத்தை எனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்றேன். அவர் அடுத்த வெள்ளிக்குள் முடிக்கச் சொன்னார்.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கக் காலைப் பொழுது போதுமாக இருந்தது. எங்கள் பகுதியில் பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில், ஒரே சொல்லை, ஒரே கணத்தில் சொல்கின்றன. தேவாரத்தை இரண்டு பேர் சேர்ந்து பாடினால் நன்றாக இருக்கும். ஒருவர் அரைச் சொல் பிந்தினால் இரண்டு பேருடையதும் விளங்காது. இங்கே அரைச் சொல் தேவையில்லை, கண் இமைப்பதில் ஒரு துளியே போதும். கோபுரங்கள் பிந்தாமல் இருக்க, ஒவ்வொன்றிலும் உள்ள மணிக்கூடு ஜிபிஎஸ் செய்மதியைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. செய்மதியில் இருந்து வரும் சமிக்ஞை மிக மெல்லியது. விரல் நீளக் கருவி ஒன்று பக்கத்தில் நின்று இரைந்தால் அது மறைந்துவிடும். மறைந்தால், உள்ளே இருக்கும் மாற்று மணிக்கூடு நேரத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். புதியது ஒரு நாள் பிடிக்கும். அந்தத் தளத்தில் இருந்த பழையது அரை மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை. நேரம் பிசகினால் தளம் தானாக வாயை மூட வேண்டும், அதுவும் நடக்கவில்லை.

செய்மதி மறைந்த நேரம் பதிவில் இருந்தது: பன்னிரண்டு நாற்பத்தொன்று. திரும்பியது ஒன்று நாற்பத்தைந்து.

அந்தத் தளத்தின் பழைய எச்சரிக்கைகளை எடுத்தேன். ஏறத்தாழ ஒவ்வொரு வேலை நாளும், மத்தியானம், இருபது நிமிடம். செய்மதி இல்லை. பிறகு செய்மதி உண்டு. தானாகச் சரியானது. தானாகச் சரியானது. சிலவற்றின் கீழே என் முதலெழுத்துகள் இருந்தன. எல்லாரும் சாப்பிடும் நேரம் என்பதால் யாரும் உடனே பார்த்ததில்லை. போன கோடையில் ஒருமுறை நானே நேரில் போயிருக்கிறேன். ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன், எல்லாம் சரியாக இருந்தது. அப்படியே வீட்டுக்கு ஏறி அப்பாவைப் பார்த்தேன். சாப்பிட்டு முடித்துக் கதிரையில் இருந்தார்.

யாரோ வாகனத்தில் ஜாமர், செய்மதியை மறைக்கும் அந்த விரல் நீளக் கருவி, வைத்திருக்கிறார்கள் என்பது தெளிவு. எப்போது வருகிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவர் எப்போது வரவில்லை என்று நான் பட்டியல் போட்டேன். சனி ஞாயிறு இல்லை. அரச விடுமுறைகள் இல்லை. அவற்றைக் கழித்தபோது எட்டு நாட்கள் மிஞ்சின. ஜனவரி நடுவில், போன வருடம் ஒன்று, இந்த வருடம் ஒன்று. பெப்ரவரியில் ஒரு வியாழன். ஜூனில் ஒரு செவ்வாய். பிறகு இலையுதிர் காலத்தில் புதன், வியாழன், வெள்ளி, அதன் பின்னர் வந்த திங்கள்.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, இதில் ஒழுங்கே இல்லையே என்றார். ஓம், இல்லை என்றேன்.

வீட்டுக்குப் போய், தமிழ்க் கடையில் கொடுத்த நாட்காட்டிகள் இரண்டையும் குசினி மேசையில் விரித்தேன். ஜனவரி நடுவில் பொங்கல். பெப்ரவரி வியாழனுக்கு முதல் நாள் சிவராத்திரி, இரவு முழுவதும் விழித்தவர் மறுநாள் வேலைக்குப் போகமாட்டார். புதனில் இருந்து திங்கள் வரை, சனி ஞாயிறையும் சேர்த்து ஆறு நாட்கள், கந்தசஷ்டி. அந்த ஆறு நாளும் அம்மாவும் விரதம், வேலைக்கு லீவு எடுத்து அப்பாவோடு நிற்பார்.

ஜூன் செவ்வாய்க்கு நாட்காட்டி தேவைப்படவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. அங்கிளின் மகளுடைய பட்டமளிப்பு. அப்பா சக்கர நாற்காலியில், அங்கிளின் கோட்டைப் போட்டுக்கொண்டு இருக்கிறார். மூலையில் திகதி அச்சாகியிருக்கிறது.

“என்ன பிள்ளை, நாட்காட்டியை வைச்சுப் பாத்துக்கொண்டிருக்கிறாய்? அப்பான்ரை முப்பத்தொராம் நாள் எண்டைக்கு வருது எண்டோ?” என்று அம்மா கேட்டார்.

“ஓம் அம்மா.”

அறிக்கையில் எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிட்டன, ‘மூலம்’ என்ற கட்டத்தைத் தவிர. அதில் ஒரு வாகன இலக்கத்தை எழுதினால் அது அரசாங்கத்துக்குப் போகும். அபராதம் வரும், வழக்கும் வரலாம், அங்கிளுடைய வேலை நிச்சயமாகப் போகும். அதைவிட, அப்பா இறந்த கதையில் தனக்கு என்ன இடம் என்பதை அவர் ஒரு கடிதத்தைப் பிரித்துத்தான் அறிந்துகொள்வார். எழுதாவிட்டால் ‘அறியப்படவில்லை’ என்று போகும். வான் நாளைக்கும் வரும். அம்மா வேலைக்குத் திரும்பவில்லை, வீட்டில்தான் இருந்தார். அங்கிள் இப்போது அவருக்கு மரக்கறிச் சாப்பாடு கொண்டு வந்துகொண்டிருந்தார்.

உறுதிப்படுத்தாமல் ஒன்றையும் எழுதக் கூடாது. அடுத்த நாள் மத்தியானம் அளவுக் கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்து குசினி யன்னலில் வைத்தேன். திரையில் கோடு தட்டையாக இருந்தது. வெள்ளை வான் திரும்பி உள்ளே வந்தது. கோடு எழும்பியது.

நான் கீழே இறங்கிப் போனேன். அங்கிள் சாப்பாட்டு அடுக்கை எடுத்துக்கொண்டு இறங்கப் போனார். நான் மற்றப் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி இருந்தேன்.

“என்ன பிள்ளை, வேலைக்குப் போகேல்லையே? வா, சாப்பாடு சூடாக் கிடக்கு.”

“அங்கிள், உந்த லைற்றர் ஓட்டையிலை செருகியிருக்கிறது என்ன?”

“உதோ? சார்ஜர்.”

“சார்ஜருக்கு அன்ரெனா இருக்காது.”

அவர் சிரித்தார். “உன்னட்டைப் பொய் சொல்லேலாது. கொப்பாவுக்கு அண்டைக்கே சொன்னனான், உவளுக்குக் காட்டாதையடா, கழட்டிப் பாப்பாள் எண்டு.”

“அப்பாவுக்குத் தெரியுமே?”

“தெரியாமல்? அவன்தானே சிரிச்சவன். கேளன் பிள்ளை, வான் பத்து நிமிசத்துக்கு மேலை நிண்டால் கொம்பனிக்காரன் போன் அடிப்பான். ஒண்டுக்குப் போனாலும் கேள்வி. கொப்பாவைத் தூக்கி இருத்தி, சோறு தீத்தி, வாய் துடைச்சு, பத்து நிமிசத்திலை ஏலுமே? உதைப் போட்டால் வான் எங்கை நிக்குது எண்டு அவனுக்குக் காட்டாது. நான் நிலக்கீழ்ப் பார்க்கிங்கிலை நிண்டனான் எண்டு சொல்லிப்போடுவன்.”

“நீங்கள் லஞ்ச் பிரேக் எண்டு சொன்னனீங்கள்.”

“லஞ்ச் பிரேக்தான். எனக்குத் தெரியும், கொம்பனிக்காரனுக்குத் தெரியாது. அவ்வளவுதான்.”

சொல்ல வேண்டியவற்றை லிப்றில் வரும்போதே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அந்த வரிசையில் சொன்னேன். செய்மதி. மணிக்கூடு. பின்னாலுள்ள கூரை. அன்றைக்கு நடந்தது. என் குரல் வேலைத்தளத்தில் பேசும் குரலாகவே இருந்தது. முடிந்த பிறகும் அடுக்கை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

“போன் வேலை செய்ததே” என்றார்.

“உது போனை ஒண்டும் செய்யாது அங்கிள். ஜிபிஎஸ்ஸை மட்டும்தான்.”

“அண்டைக்கு நான் எவ்வளவு நேரம் நிண்டனான்?”

“ஒரு மணித்தியாலமும் நாலு நிமிசமும்.”

“வழமையா இருபது நிமிசம்.”

“ஓம்.”

“இருபது நிமிசத்திலை நான் போயிருந்தால்?”

அவருக்குப் பொய் சொல்ல என்னிடம் ஒரு பொய்யும் இருக்கவில்லை. “ரெண்டு மூண்டு நிமிசத்திலை எல்லாம் சரி வந்திருக்கும்.”

“அப்ப நான் அவனைத் தனிய விட்டிட்டுப் போயிருக்க வேணும்.”

“இல்லை அங்கிள். நீங்கள் போயிருந்தால் அம்புலன்ஸுக்கு அடிக்க ஆளில்லை.” பிறகு கடைசி வரியையும் சொன்னேன். “எங்கடை மாற்று மணிக்கூடு ஒரு நாள் தாக்குப்பிடிச்சிருக்க வேணும். பழசு. எந்த எந்தத் தளத்திலை முதல் மாத்திறது எண்டு போன கோடையிலை லிஸ்ற் போட்டது நான். உதைப் பதினொராவதாப் போட்டனான்.”

“ஏன் பதினொண்டு?”

“எச்சரிக்கையெல்லாம் தானாகச் சரியானது எண்டு இருந்தது.”

அவர் கண்ணாடிக்கு வெளியே சுவரைப் பார்த்தார். பிறகு, “உதை எழுதத்தான் வேணுமோ?” என்று கேட்டார். “எனக்குப் பென்சனுக்கு இன்னும் மூண்டு வருசம் கிடக்கு பிள்ளை.”

“வெள்ளிக்கிழமை குடுக்க வேணும்.”

“கொம்மாவுக்குத் தெரியுமே?”

“இல்லை.”

அவர் அந்தக் கருவியைப் பிடுங்கினார். அது சூடாக இருந்திருக்க வேண்டும், ஒரு கையில் இருந்து மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு அதைச் சாப்பாட்டு அடுக்கின் மூடி மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து என்னிடம் தந்தார்.

“இண்டைக்கு நீ கொண்டுபோய்க் குடு. எனக்கு டெலிவரி கிடக்கு.”

மேலே போய் அம்மாவுக்குச் சாப்பாடு போட்டேன். கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும். அண்ணை ஏன் ஏறி வரவில்லை என்று கேட்டார். வேலையாம் என்றேன். அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அம்மா போன் அடித்தார், எடுக்கவில்லை. “என்ன சண்டை பிடிச்சனீயே அவரோடை?” என்றார். அப்போது சொன்னேன், அங்கிளுக்குச் சொன்ன அதே வரிசையில்.

அம்மா மாத்திரைப் பெட்டியில் இருந்து அப்பாவின் மாத்திரைகளை எடுத்து, மருந்துக் கடையில் திருப்பிக் கொடுப்பதற்காக ஒரு பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. முடித்து, பையின் வாயைக் கட்டிய பிறகு ஒன்று மட்டும் கேட்டார்.

“அவர் போகாமல் நிண்டதாலையோ?”

“ஓம். அதோடை நான் மணிக்கூட்டை மாத்தாததாலை.”

அம்மா எழும்பிக் குசினிக்குப் போனார். அங்கிளின் சாப்பாட்டு அடுக்குகள் அங்கே மூன்று இருந்தன. சாவு வீட்டுத் துடக்கு முடியும் வரை எங்கள் வீட்டில் இருந்து ஏனம் திரும்பிப் போகக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். கழுவிக் கவிழ்த்திருந்த மூன்றையும் அம்மா மறுபடியும் கழுவினார். தண்ணீர் ஓடும் சத்தம் நீண்ட நேரம் கேட்டது.

வெள்ளிக்கிழமை அறிக்கையைக் கொடுத்தேன். காரணம் ஒன்று: மாற்று மணிக்கூடு காலாவதி, மாற்றுதல் பிற்போடப்பட்டது, பட்டியலைத் தயாரித்தவர் இன்னார் என்று என் பெயர். காரணம் இரண்டு: ஜாமர், வாகன இலக்கம், கருவி உரியவரால் தானாக முன்வந்து ஒப்படைக்கப்பட்டது. வரிசையை மாற்றலாமே என்று மேலாளர் கேட்டார். சட்டத்தை மீறியவர் இரண்டாவதாக வருவது விசித்திரமாக இருக்கிறது என்றார். அதுவும் சரிதான். நான் மாற்றவில்லை. அந்தத் தளத்துக்குப் புது மணிக்கூடு அடுத்த செவ்வாய் வந்தது. அதைப் பொருத்தியதும் நான்தான், நாற்பது நிமிட வேலை.

அரசாங்கத்தில் இருந்து இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள் என்றும், கொம்பனி வானின் சாவியை வாங்கிவிட்டது என்றும் அங்கிளின் மகள் எனக்கு எழுதினாள். வேறொன்றும் எழுதவில்லை. நான் பதில் எழுதத் தொடங்கி, மூன்று வரி எழுதி, அழித்துவிட்டேன். அபராதம் எவ்வளவு என்பது இன்னும் தீர்மானிக்கப்படவில்லை.

மத்தியான வேளைகளில் அந்தத் தளத்தின் பதிவைத் திறந்து பார்ப்பேன். பன்னிரண்டு நாற்பதுக்கும் ஒரு மணிக்கும் இடையில் ஒன்றுமில்லை. மிகச் சுத்தமான பதிவு. முன்பு அது சுத்தமாக இருந்த நாட்கள் பொங்கல், கந்தசஷ்டி போன்றவை. இப்போது எல்லா நாட்களும் அப்படி.

முப்பத்தொன்றுக்கு யார் யாருக்குச் சொல்வது என்று அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முடிந்தது என்று நினைத்தபோது அம்மா என் கையில் இருந்து ரெலிபோனை வாங்கித் தானே அடித்தார். இந்த முறை அங்கிள் எடுத்தார். அம்மா சுகம் விசாரிக்கவில்லை.

“அண்ணை, பன்னிரண்டே முக்காலுக்கு முதல் வாங்கோ. அதுதானே அவர் சாப்பிடுற நேரம். அதுக்குத்தான் படைக்கப் போறன்.”

மறுபக்கத்தில் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

“வானில்லாட்டி என்ன, பஸ் ஓடுதுதானே” என்றார் அம்மா. வைத்துவிட்டார்.

அன்றைக்கு ஐயர் போன பிறகு, அம்மா அப்பாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டார். ஆட்கள் அறைகளிலும் நடையிலும் நின்று மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் குசினி யன்னலடியில் நின்றேன். விருந்தினர் தரிப்பிடத்தில் சுவரோரம் யாரோ ஒரு சிவப்புக் காரை விட்டிருந்தார்கள். கதவு தட்டிய சத்தம் கேட்டுப் போய்த் திறந்தேன். அங்கிள் பஸ்ஸில் வந்த களைப்போடு, குளிர் சட்டையைக் கழற்றாமல் நின்றார். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நானும் ஆட்டினேன்.

அம்மா அவரைப் பார்த்தார். “நேரமாச்சுது, சோறைப் போடுங்கோ அண்ணை” என்று அகப்பையை அவரிடம் நீட்டினார். அவர் குளிர் சட்டையைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, நிலத்தில் குந்தி, அப்பாவின் இலையில் சோற்றைப் போட்டார். வழக்கமாகப் போடும் அளவுதான், கொஞ்சம். பிறகு கறிகளை ஒவ்வொன்றாக, இடது பக்கமாகத் தள்ளி வைத்தார். அப்பாவுக்கு இடது கைதான் எட்டும்.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன், பழக்கத்தில். பன்னிரண்டு நாற்பத்தொன்று. பின்னேரம் எல்லாரும் போன பிறகு, குசினியில் கழுவிய மூன்று அடுக்குகளும் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அம்மா அவற்றில் வடையும் சர்க்கரைச் சாதமும் நிரப்பி அங்கிளிடம் கொடுத்தனுப்பியிருந்தார். பதிவைத் திறந்தேன். அன்றைய மத்தியானத்துக்கு ஒரு வரியும் இல்லை.